பாதிக் கூறு

கடலாடியில் ஒற்றை ஆளுக்கு மீன் வாங்க முடியாது. இது எனக்குத் தெரியவந்ததே அறுபத்து மூன்றாவது வயதில், இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட்டை வைத்துக்கொண்டு மதுரையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான். என் வீட்டுக்காரர் இருந்தவரை வீட்டில் எப்போதும் இரண்டு பேராவது இருந்தோம். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த இரண்டு வருடமும் நான் மீன் பக்கமே போகவில்லை. தயிர், ஊறுகாய், அப்பளம் என்று பொழுதை ஓட்டினேன். தனக்கென்று மட்டும் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தால் கை தானாகவே சுருங்கிவிடுகிறது. சிக்கனம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். சோம்பேறித்தனம்தான்.

வலி வந்த காலையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். வியர்வை நிற்கவில்லை. ஆட்டோவுக்கு நானே போன் செய்து, கேஸை மூடி, கொல்லைக் கதவைத் தாழிட்டு, வாசலைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பியவர், கூட வந்தவர் யார் என்று கேட்டார். ஆட்டோக்காரரைக் காட்டினேன். அவர் கையெழுத்தும் போட்டார், நல்ல மனுஷன். உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதினார்களோ, இன்றுவரை தெரியாது.

அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஓசூரிலிருந்து மகள் ஓடி வந்தாள். பத்து நாள் லீவு போட்டு, மதுரையிலும் பிறகு வீட்டிலும் கூடவே இருந்தாள். கிளம்புகிற அன்று, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே தன் முடிவைச் சொன்னாள்.

"மூணு மாசம் பாப்பேன்மா. மூணாவது மாசச் செக்கப்புல பிரஷர் இறங்கலன்னா வீட்டப் பூட்டிட்டு உன்னையக் கூட்டிட்டுப் போயிருவேன். நீ என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்."

அவளுடைய வீடு ஒன்பதாவது மாடியில். முன்பு ஒரு மாதம் அங்கே இருந்து பார்த்திருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சமையலறையில் நான் எந்த டப்பாவைத் திறந்தாலும் அது தப்பான டப்பாவாகவே இருந்தது. காலை ஐந்து மணிக்குக் காபி போட்டால் மாப்பிள்ளை தூக்கம் கெடும். டிவி சத்தம் கூட வைத்தால் பேரன் படிப்பு கெடும். எதையும் கெடுக்காமல் ஒரு மாதம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். இங்கேயும் தனிமைதான். என்றாலும் இது என் வீட்டுத் தனிமை, இங்கே நான் பாத்திரத்தைப் போட்டு உருட்டலாம். ஆகவே பிரஷர் இறங்கியே ஆக வேண்டும் என்று முடிவு கட்டினேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்து டாக்டர் கொடுத்த தாளைப் படித்தேன்.

அதில் இருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கேப்பை, குதிரைவாலி, முருங்கைக்கீரை, பாசிப்பயறு, வெள்ளைப்பூண்டு, ஒரு கை நிலக்கடலை. எல்லாம் நாங்கள் வேறு வழியில்லாத காலத்தில் தின்றது. கொஞ்சம் வசதி வந்ததும் வேண்டாம் என்று ஒதுக்கியது. அதையே திரும்பத் தின்னச் சொல்ல எனக்கு ஒரு மாரடைப்பு வர வேண்டியிருந்தது. மீன் விஷயத்திலும் இதே கதை. சீலா, பாறை என்று விலை உயர்ந்த மீன் எதுவும் தேவையில்லை, சாளை போதும், வாரத்துக்கு இரண்டு நாள் குழம்பாக வைத்துச் சாப்பிடுங்கள், அதில் இருக்கிற எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர் வாயாலேயே சொன்னார். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் சாளைச் சட்டியை மூடி வைப்போம்.

தாளின் கடைசியில், உப்பைக் குறைக்கவும், ஊறுகாய், அப்பளம், வடகம், உப்பிட்ட பண்டங்கள் கூடாது என்று இருந்தது. அன்றைக்கே ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தேன். அப்பளக் கட்டைப் பால்காரரிடம் கொடுத்தேன். சோற்றில் உப்பு போடுவதை நிறுத்தினேன். குழம்பில் ஒரு சிட்டிகைக்கு மேல் விழாமல் பார்த்துக்கொண்டேன். எதிலும் பாதிக்கிணறு தாண்டுகிற ஆள் நான் இல்லை.

புதனும் ஞாயிறும் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரி ஷேர் ஆட்டோவில் இரண்டு அலுமினியச் சட்டியோடு வந்து இறங்குவாள். தெரு முனை வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, மீனைக் கூறு கூறாகப் பிரித்து வைப்பாள். இங்கே சாளைக்குத் தராசு கிடையாது. ஒரு கூறு என்றால் ஒரு குவியல். முப்பது மீனுக்குக் குறையாது. எனக்கு ஒரு வேளைக்கு ஐந்து போதும். முதல் புதன்கிழமை பாதிக் கூறு கேட்டேன். அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

"கூறப் பிரிச்சா மிச்சத்த எவ வாங்குவாக்கா? எவளோ கழிச்சுப் போட்டதுன்னுல நெனப்பா. ஆமா, வீட்டுல ஆளில்லையா?"

சுற்றி நாலு பொம்பளைகள் நின்றார்கள். விருந்தாளி வந்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சைவம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு முழுக் கூறையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு பாதி கேட்டதே இல்லை.

முதல் கூறு முழுவதையும் குழம்பு வைத்தேன். மீன்குழம்பு மறுநாள் ருசி. மூன்றாம் நாள் பழக்கம். நாலாம் நாள் சட்டியைத் திறந்தபோது எனக்கே என்னைப் பார்க்க எரிச்சலாக இருந்தது, கொட்டிவிட்டேன். ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலுக்குப் பத்து மைல் தொலைவில் பிறந்தவளுக்கு ஐஸில் விறைத்த சாளை தொண்டைக்குள் இறங்காது. எங்கள் பக்கம் மிஞ்சின மீனுக்கு ஒரே வழிதான் உண்டு. வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, கல்லுப்பைத் திணித்து, ஒரு இரவு பானையில் ஊறவிட்டு, மறுநாள் மொட்டைமாடியில் காயப்போட வேண்டும். அப்படியே செய்தேன்.

நான்கு வெயிலில் அருமையான கருவாடு ஆயிற்று. பழைய கொசுவலையை மேலே விரித்து, காக்காய்க்குக் காவலாக ஒரு கம்போடு உட்காருவேன். காலை பத்து மணி வரை அதுதான் வேலை. ஒரு காக்காய் தினமும் வரும், இடது சிறகில் ஒரு இறகு தொங்கும். அதைத் திட்டித் தீர்ப்பேன். அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று மாதத்தில் நான் அதிகம் பேசியது அதனோடுதான்.

மத்தியானம் குதிரைவாலிச் சோறு, முருங்கைக்கீரை, நசுக்கிப்போட்ட பூண்டு. புதனும் ஞாயிறும் குழம்பு. மற்ற நாளெல்லாம் சாயங்காலம் கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும். கூழுக்கு உப்பு வேண்டாம், கருவாட்டிலேயே இருக்கிறதே. இது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் சொன்ன சாளையை நான் ஏழு நாளும் சாப்பிட்டேன். உப்பிட்ட பண்டம் என்று தாளில் எழுதியிருந்தது எனக்கு ஒரு கணம்கூடக் கருவாட்டை நினைவுபடுத்தவில்லை. பண்டம் என்றால் கடையில் பாக்கெட்டில் தொங்குகிறது. கருவாடு என்றால் மீன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

மகள் தினமும் ஆபீஸ் விட்டு வரும் வழியில் போன் செய்வாள். மாத்திரை போட்டாயா, நடந்தாயா, சாப்பிட்டாயா, தூங்கினாயா. நாலு தடவை ஆமாம் சொன்னால் பேச்சு முடிந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். மூன்று நிமிஷ டிரங்க் காலில் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிற ஜனங்களை இணைத்துவிட்டிருக்கிறேன். எனக்கு இப்போது நேரக் கட்டுப்பாடே இல்லாத போன் இருந்தது. பேசத்தான் ஒன்றும் இல்லை. தினம் மீன் சாப்பிடுகிறேன் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். சூப்பர்மா என்றாள்.

இரண்டாவது மாதக் கடைசியில் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த இடம் மாலை வரை பள்ளமாகவே இருந்தது. வெயில் என்று நினைத்தேன். மகளிடம் சொல்லவில்லை.

மூன்றாவது மாதச் செக்கப்புக்கு மகளே வந்து ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு நர்ஸ் இருந்தாள், மண்டபம் பக்கத்துப் பெண். மதுரையிலிருந்து வந்ததும் முதல் தடவை பிரஷர் பார்க்கப் போனபோது, ஹாஸ்டல் சாப்பாட்டில் மீன் வாசனைகூட இல்லை என்று குறைப்பட்டிருந்தாள். அவளுக்காக என் கருவாட்டில் நல்லதாகப் பார்த்து எடுத்து, பேப்பரில் சுற்றி, இரண்டு கவரில் போட்டு எடுத்துப்போயிருந்தேன். அவள் பிரஷர் பார்த்தாள். பட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லி மூன்றாவது தடவையும் பார்த்தாள். மதுரையிலிருந்து வந்தபோது இருந்ததைவிட ஏறியிருந்தது.

டாக்டர் என் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். உப்பு எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்றார். போடுவதே இல்லை என்றேன். என் சாப்பாட்டை ஒப்பித்தேன், மீன் தினமும் என்றும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மாத்திரையைக் கூட்டி எழுதினார். மகள் என்னைப் பார்க்கவில்லை, போனில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு ஒழுங்காக இருந்தும் தோற்றால் மனுஷி என்னதான் செய்ய முடியும்?

வெளியே வந்து நர்ஸிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். அவள் மோந்து பார்த்ததும் முகம் மலர்ந்தது. நானே போட்டது, வீட்டில் இன்னும் ஒரு பானை இருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, தெனம் மீனுன்னு சொன்னது இதையா?"

ஆமாம் என்றேன். அவள் பொட்டலத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் திரும்பப் போனாள். டாக்டர் பேப்பரைப் பிரித்துப் பார்த்துவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. மூன்று மாதமாக நான் உப்பைத்தான் சாப்பிட்டிருக்கிறேன், மீன் அதற்குத் தொட்டுக்கொண்டது என்றார். கூட்டி எழுதிய மாத்திரையை அடித்துவிட்டு, கருவாட்டை அடியோடு நிறுத்திவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். மகள் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்துவிட்டு, துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மிச்சத்த யாருக்காச்சும் குடுத்திருக்கலாம்லம்மா. அக்கம்பக்கம் ஆளா இல்ல?"

முப்பத்தொரு வருடமாக ஒரே தெருவில் இருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா என்று மனதுக்குள் தேடினேன். யோசிக்கவே இல்லை. உப்புதான் உடனே நினைவுக்கு வந்தது, மனுஷர் வரவில்லை. துக்கம் நடந்த வீட்டுக்காரி ஒரு வருடம் விசேஷத்துக்குப் போகக்கூடாது. நான் போகவில்லை. இரண்டாவது வருடம் போயிருக்கலாம். கூப்பிட்டார்கள், தலைவலி என்று சொன்னேன். பிறகு அவர்களும் பத்திரிகையை கேட்டில் செருகிவிட்டுப் போனார்கள். கொடுக்க எனக்கு யாரும் இல்லை, இதுதான் உண்மை. அதை அந்த பெஞ்சில் சொன்னால் என் கட்சி தோற்றது. அன்றைக்கே வீட்டைப் பூட்டிவிடுவாள்.

எதிர் வீட்டில் இருக்கிறார்கள், நல்ல பழக்கம், இனிமேல் அங்கே கொடுத்துவிடுகிறேன் என்று பொய் சொன்னேன். அவள் ஒரு மாதம் பொறுக்கச் சம்மதித்தாள்.

எதிர் வீட்டில் இருந்தது ஒரு முஸ்லிம் அம்மா. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். கணவர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், மவுத்தாகி நாலு வருடம். மகன் சவூதியில். மருமகள் கீழக்கரையில் தன் தாய் வீட்டிலேயே இருக்கிறாள், அங்கே அதுதான் வழக்கம். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் நேருக்கு நேர் நாங்கள் பேசியதெல்லாம், தண்ணி வந்திருச்சா, கரண்டு போயிருச்சா என்ற அளவுக்குத்தான்.

புதன்கிழமை கூறு வாங்கி, பாதியைத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, என் கேட்டுக்கு உள்பக்கமே நின்றேன். தெருவின் அகலம் பன்னிரண்டு அடி. தெருவில் போகிறவர்கள் போய் முடியட்டும் என்று காத்திருந்தேன். ஒரு சைக்கிள் போயிற்று, ஒரு நாய் போயிற்று. கொடுக்கப் போகிறவள் மாதிரி நடக்க வேண்டும், கேட்கப் போகிறவள் மாதிரி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பிறகு கேட்டைத் திறந்து அந்தப் பன்னிரண்டு அடியைக் கடந்தேன்.

மிஞ்சிவிட்டது, அதனால் கொண்டுவந்தேன் என்றேன். அந்த அம்மா தட்டைத் திறந்து பார்த்தாள். வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் முழுக் கூறு சாளை, இன்னும் அலசவில்லை.

"நானும் இப்பத்தான்கா வாங்குனேன். பாதி பூனைக்குத்தான் போகும். மகன் வந்திருக்கான்னு சொல்லி வாங்குறது. அவன் வந்து மூணு வருஷமாச்சு."

என் சைவ விருந்தாளிகளைப் பற்றி நானும் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். உள்ள வாங்கக்கா என்றாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுப்பு பற்ற வைத்திருக்கவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே கூறு என்று ஆனது. ஒரு வாரம் நான் வாங்குவேன், ஒரு வாரம் அவள். ஒரு கூறு வியாபாரம் போயிற்றே என்று மீன்காரி இரண்டு வாரம் முணுமுணுத்தாள். பிறகு எங்கள் கூறை மட்டும் கொஞ்சம் பெரிதாக வைக்க ஆரம்பித்தாள். என் தட்டு அந்த வீட்டிலிருந்து ஒருநாளும் வெறும் தட்டாக வந்ததில்லை. பேரீச்சம்பழமோ, வறுத்த நிலக்கடலையோ இருக்கும். அவள் தட்டில் நான் முருங்கைக்கீரை உருவி வைப்பேன். தட்டுகள் தெருவைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தன. நாங்கள் வாசற்படியைத் தாண்டவில்லை. அவள் குழம்பு கொதிக்கிற வாசனை என் அடுக்களைக்கு வரும், என்னுடையது அங்கே போயிருக்கும். அவரவர் வீட்டில் அவரவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு நாள் இங்கேயே சாப்பிடுங்க என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொல்லியிருக்கலாம். மனுஷரைக் கூப்பிடுகிற பழக்கம் விட்டுப்போனால் அது திரும்ப வருவது லேசில்லை.

ஒரு மாதம் கழித்து ராமநாதபுரத்துக்கு நானே பஸ்ஸில் போனேன். கால் வீக்கம் வடிந்திருந்தது. நர்ஸ் ஒரே தடவைதான் பிரஷர் பார்த்தாள், இரண்டாவது தடவை பார்க்கத் தேவைப்படவில்லை. டாக்டர் தாளில் டிக் அடித்து, இப்படியே இருங்கள் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் கடலாடி பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தேன். பிரஷர் எவ்வளவு என்று சொன்னதும் அவள் பெரிதாக மூச்சு விட்டாள். மூன்று மாதம் ஒரு மாதம் என்று அவள் பட்ட கவலையெல்லாம் அந்த மூச்சில் இறங்கியது.

"அப்ப சரிம்மா. நீ அங்கனயே இரு, உனக்கு அதுதான் ஒத்துக்குது. உனக்குன்னு ஒரு ரூம நாலு மாசமா ஒழிச்சுப் போட்டு வச்சிருந்தோம். பிள்ளைக்குப் படிக்க அதுல டேபிள் போட்டுரட்டுமா?"

"போடு. ஜன்னல் பக்கமாப் போடு, வெளிச்சம் வரும்."

அவள் பேரில் ஒரு தப்பும் இல்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தாள். கடலாடி பஸ் வந்தது, கூட்டம் ஏறியது, நான் ஏறவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் டேபிளின் அளவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் இருக்கட்டும்மா, இருந்தாலும் நீ இங்க வா என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன்.